ராஜாங்கம் மூஞ்சிக்கு ஏற்ற ஃபோம்

கள்ளக்குறிச்சி சங்கராபுரம் ரோட்டில், தண்ணி டேங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் குடியிருக்கும் மணிமொழியைப் பார்த்தால் வம்புக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள், குரலும் எழும்பாது. பஸ்ஸில் எவனாவது அவள் காலை மிதித்தால், காலை அங்கே வைத்ததற்கு அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். ஆனால் மனசில் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டாளோ, முடிந்தது கதை. போன வருஷம் முழுக்க அந்த முடிச்சில் கிடந்து புழுங்கியவர் சிலைப் பட்டறை ராஜாங்கம். புழுங்கியது அவருக்கே தெரியாது, பாவம்.

பாவம் என்றா சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. அந்த ஆளுக்குப் பாவமும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

மணிமொழி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் மேலே போக வேண்டும் அவள் ஊருக்கு. அப்பா முகம் ஞாபகமில்லாத வயதிலேயே போய்விட்டார். அம்மா பழனியம்மாள் ஒற்றை ஆளாகச் சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கி, மகளைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தாள். லோடு ஆட்டோ ஓட்டும் கவியரசனைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது மணிமொழிக்குப் பத்தொன்பது வயது. வந்த மூன்றாம் மாதமே ராஜாங்கத்தின் ஃபைபர் சிலைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே பதினாலு வருஷம். முதலில் சிலை வார்க்கிற பிசினான ரெசின் கலக்கினாள், பிறகு உப்புத்தாள் தேய்த்தாள், பிறகு களிமண்ணில் கை வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பட்டறையிலிருந்து வெளியே போன ஆனை, மயில், துவாரபாலகர், கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டு நிற்கிற பொம்மை, எல்லாம் அவள் கை. ராஜாங்கம் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு ரெசின் பட்டு யாரும் பார்த்ததில்லை. யாராவது போட்டோ எடுக்க வந்தால் மட்டும் ஒரு செதுக்குக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, முடிந்துபோன சிலைக்குப் பக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். ஊருக்கே தெரியும். ஊர் எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறது?

பழனியம்மாள் ஒரு ஆனி மாதத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மணிமொழி பட்டறைக்குத் திரும்பியபோது, மலையில் ஒரு ரிசார்ட்டுக்கு வரவேற்புச் சிலை கேட்டு ஆர்டர் வந்திருந்தது. மலைப் பொம்பளை ஒருத்தி கூடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மணிமொழி யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவைச் செய்தாள். களிமண் தானாக அம்மாவாகிக்கொண்டே போனது. கன்னத்துப் பள்ளம், காது மடலின் தொங்கல், உதடு, எல்லாம் விரலுக்குத் தெரிந்திருந்தது. ராஜாங்கம் பார்த்துவிட்டு, “அடடே, உங்கம்மாவாச்சே, சாமை கொண்டாந்து குடுக்குமே” என்றுகூடச் சொன்னார். அதன் மேல் அச்சு, அதாவது மோல்டு எடுத்தார்கள். எடுக்கும்போது களிமண் உருவம் சிதைந்து போகும், அது வழக்கம்தான். மோல்டு பட்டறையில் தங்கியது. ரிசார்ட்காரன் ஆர்டரைத் தள்ளிப்போட, வார்த்த ஒரே சிலையும் மூலையில் கிடந்தது.

அப்புறம் அவள் தனியாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று சொல்லி விலகினாள். ராஜாங்கம் சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார். சிரிக்கும்போது வலது பக்க மேலுதடு மட்டும் தூக்கும், அவ்வளவுதான்.

போன வருஷம் மாமன் வூட்டுக் காதுகுத்துக்காக மலைக்குப் போனார்கள். அருவிக்குப் போகிற வழியில் அந்த ரிசார்ட் வாசலில் டீ குடிக்க ஆட்டோவை நிறுத்தினார் கவியரசன். அங்கே பழனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியல்ல, வரிசையாக ஆறு பேர். ஆறு பேருக்கும் உதடு இருந்த இடத்தை வட்டமாக அறுத்து, ஒரு சொம்பு நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். நெஞ்சில் சிவப்பு பெயிண்டில் ‘என் வாயில் போடவும்’ என்று எழுதியிருந்தது. டூர் வந்த ஒருவன் வாழைப்பழத் தோலை உள்ளே எறிந்தான். இன்னொருவன் வெற்றிலையைத் துப்பினான். பாதி உள்ளே போச்சு, பாதி கன்னத்துப் பள்ளத்தில் வழிந்தது.

மணிமொழி போய் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது.

“யம்மா, குப்பத்தொட்டிய இன்னாத்துக்குத் தொடச்சிக்கினு கீற?” என்றான் ரிசார்ட் வாட்ச்மேன்.

அன்றைக்கு அவள் காதுகுத்துக்குப் போகவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்தாள். ராஜாங்கம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மொதலாளி, அது எங்கம்மா” என்றாள்.

“அது மோல்டு. என் பட்டறை, என் ரெசின், நான் கூலி குடுத்து செஞ்சது. மோல்டு வாயிலயே ஒரு வளையம் ஒட்டிட்டேன், இனிமே ஊத்தறது எல்லாம் ஓட்டையோடதான் வரும்.”

“மொதல்ல ஊத்தின செலையாச்சும் குடுங்க.”

“அதையுந்தான் அறுத்து சாம்பிளுக்கு வெச்சேன். ஆறுல அதுவும் ஒன்னு. மலைக்காரி மூஞ்சி மலையிலயே கீது, உனக்கு இன்னா வலிக்குது?” வலது பக்க உதடு தூக்கியது. “தனியாத் தொழில் பண்றவ இங்க இன்னாத்துக்கு வர?”

அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்தாள், அரிசி களைந்தாள், உலை வைத்தாள். கவியரசன் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றை வடித்துவிட்டுச் சொன்னாள்: “மாமா, அந்தாளு வாயில ஊரே குப்ப போடணும். போட வெக்கல, நான் பழனியம்மா பொண்ணு இல்ல.”

வாய்ப்பு தை மாதம் வந்தது. சின்னதுரை என்பவர் அதே ரோட்டில் புதுக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். கை கழுவும் இடத்தில் வைக்க ஆறு குப்பைத்தொட்டி வேண்டும் என்று மணிமொழியிடம் வந்தார். “முயலு, பென்குயின்லாம் எல்லா எடத்துலயும் கீதும்மா. நம்முளுக்குப் புதுசா வேணும். வாயப் பொளந்து சிரிக்கிற மீசக்கார ஆளு மாதிரி செய்யேன், பசங்க பாத்தா சிரிக்கணும்.”

“எந்த மூஞ்சியா இருந்தாலும் பரவால்லியாங்க?”

“எந்த மூஞ்சியா இருந்தா இன்னா?”

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இனி வேலை. களிமண்ணில் செய்ய முடியாது. தகரக் கொட்டகை வெயிலுக்கு ஒரே மத்தியானத்தில் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஈரச் சாக்குப் போட்டு வைக்கப் பட்டறை மாதிரி இடமும் இல்லை. ஃபோமில் செதுக்கலாம் என்று நினைத்தாள். மேடை அலங்காரக்காரர்கள் எல்லாரும் தெர்மாகோலில் தானே தாமரையும் ஆனையும் அறுக்கிறார்கள்? வாங்கி வந்து அடுக்கி ஒட்டினாள். ஒன்பது நாள் உட்கார்ந்தாள். போட்டோ எதுவும் பார்க்கவில்லை, தேவைப்படவுமில்லை. இடது மூக்கில் இருக்கிற மரு, முன்பல்லில் சந்து, ஒரு பக்கம் மட்டும் ஏறி நிற்கிற மீசை, காதுக்குள் முடி, எல்லாம் வந்தது. மோல்டு எடுப்பதற்காக மெழுகு தேய்த்து, ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரோடு கலக்கி, பிரஷ்ஷில் தொட்டு ராஜாங்கத்தின் நெற்றியில் வைத்தாள்.

நெற்றி உள்ளே போனது. சீறிக்கொண்டு போனது. அவள் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் மூக்கு சப்பையாகி, மரு காணாமல் போய், மீசை தேனாக ஒழுகியது. பதினாலு வருஷம் ரெசினில் புழங்கியவளுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். பட்டறையில் அவள் தொட்டது களிமண். தெர்மாகோல் வேலைக்கு வேறு ஆள், அவன் மேலே பிளாஸ்டர் பூசித்தான் கொடுப்பான். ரெசின் தெர்மாகோலைத் தின்னும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒன்பது நாள் உழைப்பு ஒன்பது நிமிஷத்தில் போச்சு. முதலில் ஓவென்று அழுதாள். பிறகு, ராஜாங்கத்தின் மூஞ்சி கண்ணெதிரே உருகி வழிவதைப் பார்க்கப் பார்க்க, அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“மேல பேப்பர ஒட்டி பசை பூசிட்டா ரெசின் எறங்காதுன்றாங்களே” என்றார் கவியரசன். விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

“எறங்காது மாமா. ஆனா பேப்பரு மடிப்புல மரு அமுங்கிப் பூடும், பல்லு சந்து அடைஞ்சிரும். அவர மாதிரி ஒன்னு எனக்கு வேணாம். அவரே வேணும்.”

அதனால் அவள் ஃபோம் தேட ஆரம்பித்தாள். பூங்கொத்துக் கடையில் பூ குத்துகிற பச்சை ஃபோம் வாங்கினாள். மெத்தைக் கடையில் கழிவு ஸ்பாஞ்சு கேட்டு வாங்கினாள். டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளைத் தகடு கிடைத்தது. கடைசியாகப் பழைய இரும்புக்கடை வீரமுத்துவிடம், உடைந்துபோன ஐஸ்கிரீம் வண்டிப் பெட்டி ஒன்று கிடந்தது. தகரத்தைப் பெயர்த்தால் உள்ளே நாலு விரற்கடை கனத்துக்கு மஞ்சளாக ஃபோம் இருந்தது. குளிர் வெளியே போகாமல் இருக்க அடைத்தது. பஃப் என்பார்கள்.

“இத இன்னாம்மா பண்ணப்போற? காயலாங்கடையிலயே இது கழிவு” என்றார் வீரமுத்து.

“மூஞ்சி பண்ணப்போறேங்க.”

எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு அறுத்து, ஒவ்வொரு கொட்டாங்குச்சியில் போட்டு, வாசலில் வரிசையாக வைத்தாள். மேலே ரெசின் ஊற்றினாள்.

“இன்னாடி, சமையலா?” என்றார் கவியரசன்.

“ஆமா மாமா, ராஜாங்கத்துக்கு விருந்து.”

டிவி பெட்டித் தகடு தெர்மாகோலின் தம்பிதான், உடனே கரைந்தது. பச்சை ஃபோம் கரையவில்லை, ஆனால் நகம் பட்டாலே பொடிந்தது, அதில் மீசை நிற்காது. ஸ்பாஞ்சு ரெசினைக் குடித்து உப்பியது, அதைச் செதுக்கவும் முடியாது. பஃப் மட்டும் போட்டபடியே கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாள், ஓரம்கூட மழுங்கவில்லை. ஆக்சா பிளேடால் கீறிப் பார்த்தாள், கீறின கோடு கீறினபடி நின்றது. “இதான் அவருக்கு ஏத்த தோலு” என்றாள்.

பஃப்பிலும் தொல்லை இல்லாமல் இல்லை. தூள் கண்ணை அரிக்கும், தொண்டையில் ஒட்டும். கனம் பற்றாமல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டின கோடு ஃபோமைவிடக் கெட்டியாகிவிடுவதால், தேய்க்கும்போது அந்த இடம் மட்டும் வரம்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ஒட்டு எதுவும் முகத்துக்கு நடுவில் வராமல், காதுக்குப் பின்னால் போகிற மாதிரி அடுக்கினாள். ஊசிக்கண் ஓட்டைகளைக் கார் டிங்கரிங் கடைப் பட்டி வைத்து அடைத்தாள். உப்புத்தாளில் தண்ணி போட்டுத் தேய்த்தாள், மெழுகு ஏழு கை போட்டாள். இந்தத் தடவை ரெசின் நெற்றியில் இறங்காமல் நின்றது. மறுநாள் ஆப்பு வைத்துத் தட்டினதும் மோல்டு கழன்று வந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினாள். மரு இருந்தது. பல் சந்து இருந்தது. காதுமுடிகூட இருந்தது.

ஆறு தொட்டி வார்த்து அனுப்பினாள், வைகாசியில் மண்டபம் திறந்தார்கள். மணிமொழிக்கு ஆண்டவன் கொடுத்த வரமோ என்னவோ, அங்கே நடந்த முதல் விசேஷமே ராஜாங்கத்துக்குப் பாராட்டு விழா. பட்டறை தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு வியாபாரிகள் சேர்ந்து ‘சிற்பச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். யார் செய்த சிற்பம், யாருக்குச் செம்மல்! பிளாஸ்டிக் உறை போட்டிருந்த தொட்டிகளைப் பந்தி ஆரம்பித்த பிறகுதான் பிரித்தார்கள்.

முதலில் ஐஸ்கிரீம் கப்பைப் போடப்போன ஒருவர் கை அப்படியே நின்றது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இருமினார், பிறகு இருமலை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சாப்பிடாதவர்கள்கூடக் கை கழுவப் போனார்கள். பீடாவைத் துப்ப அப்படி ஒரு கூட்டம். சந்தன மாலையோடு பந்தி விசாரிக்க வந்த ராஜாங்கத்தைப் பார்த்து அவர் பேத்தி ஓடிவந்தாள்.

“தாத்தா! உன் வாய்ல நான் கப்பு போட்டுட்டேன்!”

ராஜாங்கம் போய்ப் பார்த்தார். ஆறு ராஜாங்கம் வாயைப் பிளந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கன்னத்தில் பீடா வழிந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால், லோடு ஆட்டோ மேல் ஏறி நின்று மணிமொழி பார்த்தாள். மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

சின்னதுரையிடம் எடுக்கச் சொல்லி ராஜாங்கம் கத்தினார். சின்னதுரை எடுப்பாரா? மண்டபத்தைப் பார்க்கவே ஜனம் வந்துகொண்டிருந்தது. ஒரே வாரத்தில் பைபாஸ் ஓட்டலுக்கு நாலு, உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு சிறுவர் பூங்காவுக்கு எட்டு என்று மணிமொழிக்கு ஆர்டர் வந்தது.

எட்டாம் நாள் காலையில் ராஜாங்கம் தகரக் கொட்டகை வாசலுக்கே வந்தார்.

“மானநஷ்ட கேசு போடுவேன்.”

“போடுங்க மொதலாளி. கோர்ட்டுல எங்கம்மா வாயப் பத்தி நானும் கேக்கறேன்.”

குரல் இறங்கியது. “இன்னாதான் வேணும் உனக்கு?”

“எங்கம்மா ஆறு பேரையும் இங்க கொண்டாங்க. கழுவுங்க. அறுத்த வாய உங்க கையாலயே அடைச்சி, பழையபடி செய்யுங்க. ஒன்னு சரியா வந்தாப் போதும், உங்க மூஞ்சி மோல்ட உங்க வண்டியில நானே ஏத்தி வுடறேன். அதுவரைக்கும் யாரு கேட்டாலும் ஊத்திக் குடுப்பேன்.”

“ஆளு அனுப்பறேன்.”

“ஆளு வேணாங்க. சிற்பச் செம்மல்தான் வேணும்.”

வந்தார். வேறு வழி? ரிசார்ட்டிலிருந்து ஆறு சிலையும் அவர் வண்டியிலேயே வந்து இறங்கின. வெள்ளைச் சட்டையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோப்புத் தண்ணியும் தேங்காய் நாரும் வைத்து, பழனியம்மாள் வாயிலிருந்த வெற்றிலைக் கறையைத் தேய்த்தார். தண்ணி பிடிக்க வந்த தெருவே நின்று பார்த்தது. பிறகு ஓட்டையை அடைக்க வேண்டும். அடைக்க உள்ளே ஏதாவது ஃபோம் வைத்தால்தான் மேலே ஃபைபர் மேட் என்கிற கண்ணாடி இழைத் துணி உட்காரும். ராஜாங்கம் ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்து அறுத்து, அழகாகச் சொருகினார். கவியரசன் வாயைத் திறக்கப் போனார். மணிமொழி அவர் கையைக் கிள்ளினாள். ராஜாங்கம் ரெசினை ஊற்றினார். வாய் சீறிக்கொண்டு தொண்டைக்குள் போய் விழுந்தது.

“இது இன்னாம்மா இப்பிடி ஆவுது?”

“இருபத்தஞ்சி வருசமா பட்டற வெச்சிக்கினு கீறீங்க. என்னயக் கேட்டா?”

மணிமொழி சுத்தியலை எடுத்துவந்து அந்தச் சிலையை உடைத்தாள். “எங்கம்மா இல்ல இது. அடுத்தது எடுங்க.” உடைக்கும்போது நெஞ்சுக்குள் எதுவோ இழுத்தது. ராஜாங்கத்தின் முகம் வெளிறியதைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

இரண்டாவது சிலைக்கு அவர் பச்சை ஃபோம் வைத்தார், நொறுங்கியது. மூன்றாவதுக்கு யாரையோ கேட்டுப் பஃப் கொண்டுவந்தார், உதடு தடித்துப்போனது. உடைத்தாள். நாலாவது கோணிக்கொண்டு போனது. ஐந்தாவது ஓரளவு வந்தது, அதையும் உடைத்தாள். கண்ணாடி இழை கையெல்லாம் ஏறி, அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே, வெயிலில் பதினாறு நாள் வேலை செய்தார். சட்டையெல்லாம் ரெசின். நடு நடுவில் அவருக்கே தெரியாமல் கை கொஞ்சம் பழகியது.

பதினேழாம் நாள் ஆறாவது சிலையைத் தேய்த்து முடித்து, துடைத்து, திருப்பி வைத்தார். நல்ல வேலை. ஒட்டின இடம் தெரியவில்லை. கீழுதடு கொஞ்சம் முன்னால், மேலுதடு மெல்லிசாக, மூடிய வாய்.

கவியரசன் குனிந்து பார்த்தார். “அத்த மாதிரியேதான் கீது மணி.”

மணிமொழி சுத்தியலோடு நின்றாள். அம்மாவின் உதடு இப்படித்தானா? மேலுதடு இதைவிடத் தடிப்பாக இருந்ததா, ஓரத்தில் சுருக்கம் இருந்ததா? கண்ணை மூடிப் பார்த்தாள். கன்னம் வந்தது, காது வந்தது. வாய் வரவேயில்லை. வந்ததெல்லாம் அறுத்த ஓட்டைதான். மணிமொழியின் கல்யாணத்தில் எடுத்த ஒரே போட்டோவில் பழனியம்மாள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். எதிரே நிற்கிற ஆளின் மூக்கு மருவில் எத்தனை முடி என்று அவளுக்குத் தெரியும். பெற்றவள் உதடு தெரியவில்லை.

“எப்பிடி இருக்கணும்னு சொல்லும்மா” என்றார் ராஜாங்கம். கெஞ்சலாகத்தான் கேட்டார். “மேலுதட்ட இன்னும் கொஞ்சம் ஏத்தணுமா? சொல்லு, அப்பிடியே செஞ்சித் தரேன்.”

மணிமொழி சுத்தியல் கைப்பிடியை முந்தானையில் துடைத்தாள்.

“இது இல்ல” என்றாள். “நாளைக்கு வாங்க மொதலாளி.”